கோட்டையைப் பிடிக்கக் கல்லெறிவதா, சுரங்கம் தோண்டுவதா?

1215. இங்கிலாந்தின் ராச்செஸ்டர் கோட்டைக்குள் கலகக்காரர்கள். வெளியே மன்னர் ஜான். அவருடைய ஐந்து கல்லெறி பொறிகள் இரவு பகலாகக் கல் வீசின. தூர நின்றே தாக்கலாம் என்பது வசதிதான். ஆனால் உள்கோபுரத்தின் தடித்த சுவர் அசைந்து கொடுக்கவில்லை.

சுரங்கம் மெதுவான, ஆபத்தான வேலை. கோபுர மூலைக்கு அடியில் குடைந்து, மேலே சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுத்தார்கள். நாற்பது பன்றிகளை வரவழைத்து, அவற்றின் கொழுப்பால் தீ மூட்டினார்கள் (வெடிமருந்து அங்கே இன்னும் வந்திருக்கவில்லை). முட்டுகள் எரிந்ததும் தென்கிழக்கு மூலை சரிந்தது.

என் ஓட்டு சுரங்கத்துக்கே. என்ன, பாறைமேல் கட்டிய கோட்டையில் இது எடுபடாது. அங்கே கல்லெறி பொறிதான் கதி. ராச்செஸ்டரிலும் உள்ளே இருந்தவர்கள், கோபுரத்தை உள்ளே இரண்டாகப் பிரித்த குறுக்குச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கித் தாக்குப்பிடித்தார்கள். கடைசியில் அவர்களைப் பணியவைத்தது பசி.