இரண்டு மூச்சுச் சோதனைக் கருவிகள்: ஒரு டிராவல்ஸ் ஷெட்டில் எட்டு மாதங்கள்

மதுரையில் ஏழு வண்டிகளை வைத்துச் சிறிய அளவில் டிராவல்ஸ் நடத்தி வருகிறேன். ராமேஸ்வரம், கொடைக்கானல், திருச்செந்தூர் என்று எங்கள் டிரிப்புகளில் பெரும்பாலானவை அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்புபவை. கடந்த எட்டு மாதங்களாக எங்கள் ஓட்டுநர்கள் ஒவ்வொருவரும், மது குடித்திருந்தால் காட்டிக்கொடுக்கும் பிரீத் அனலைசரில் ஊதிக் காட்டிய பிறகே சாவியை வாங்குகிறார்கள். அதற்காக வாங்கிய இரண்டு கருவிகளைப் பற்றிய மதிப்புரை இது. கருவியின் தரத்தை எழுத உட்கார்ந்தால், அதே வகைக் கருவியை நம்பிச் சாலையோரத்தில் தொடங்கும் தண்டனையின் நியாயத்தைப் பேசாமல் எழுத முடியவில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என்னைக் கருவி வாங்க வைத்தது ஒரு வழக்கு. எங்களிடம் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கும் ஓட்டுநர் ஒருவர், விடுப்பு நாளில், வேறு ஊரில் நடந்த உறவினர் வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டு இருசக்கர வாகனத்தில் திரும்பும்போது இரவுச் சோதனையில் நிறுத்தப்பட்டார். ஊதச் சொன்னார்கள்; திரையில் 36 என்று வந்தது. சட்டம் அனுமதிக்கும் எல்லை 100 மில்லி இரத்தத்துக்கு 30 மில்லிகிராம். அவர் குற்றமற்றவர் என்று நான் வாதாட வரவில்லை; பியர் குடித்ததை அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் கடைசி மிடறைக் குடித்துச் சில நிமிடங்களுக்குள் அவரை ஊத வைத்திருக்கிறார்கள். வாயிலேயே தங்கியிருக்கும் மது, நுரையீரலிலிருந்து வரும் மூச்சின் அளவைவிடக் கணக்கைக் கூட்டிக் காட்டும் என்பதால், பதினைந்து நிமிடமாவது பொறுத்து ஊத வைப்பதே முறை. பொறுத்திருந்தால் 36 குறைந்திருக்கலாம். வயிற்றில் இருந்தது இரத்தத்தில் ஏறி 40 ஆகவும் ஆகியிருக்கலாம். அது யாருக்கும் தெரியாது என்பதுதான் என் குறை. இரத்தப் பரிசோதனை என்று ஒன்று இருப்பதை அங்கிருந்த எவரும் அவரிடம் சொல்லவில்லை. நீதிமன்றத்தில் 10,000 ரூபாய் கட்டினார். ஓட்டுநர் உரிமம் மூன்று மாதங்களுக்கு முடக்கப்பட்டது. அந்த மூன்று மாதமும் எங்கள் ஷெட்டில் வண்டி கழுவினார்.

முதலில் வாங்கியது இணையத்தில் 2,300 ரூபாய்க்குக் கிடைத்த கையடக்கக் கருவி. நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இந்த விலையில் விற்கப்படும் பலவற்றின் உள்ளேயும் இருப்பது ஒரே வகை செமிகண்டக்டர் சென்சார்தான். பெட்டி அழகு, ஐந்து ஊதுகுழல்கள், மூன்று மொழிகளில் கையேடு, அவற்றில் தமிழ் இல்லை. முதல் நாளே சோதனைக்காக, ஆயுளில் மதுவைத் தொடாத எங்கள் கணக்குப்பிள்ளையை வாய் கொப்பளிக்கும் திரவத்தால் கொப்பளிக்கச் சொல்லி உடனே ஊத வைத்தேன். திரை சிவந்து 90க்கு மேல் காட்டியது. மனிதர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இருபது நிமிடம் கழித்து ஊதியபோது பூஜ்ஜியம். இது கருவியின் குற்றமல்ல, வாயில் மது இருந்தால் எந்தக் கருவியும் அப்படித்தான் காட்டும். அடுத்து நடந்ததுதான் அதன் சாயத்தை வெளுக்க வைத்தது. ஒரே ஓட்டுநர் இரண்டு நிமிட இடைவெளியில் மூன்று முறை ஊதியதற்கு 18, 41, 27 என்று மூன்று பதில் சொன்னது. சட்டத்தின் எல்லையே 30 என்னும்போது, இருபதுக்கு மேல் ஊசலாடும் ஒரு கருவியை வைத்துக்கொண்டு ஒருவனை வேலையிலிருந்து திருப்பி அனுப்புவது எந்த வகையில் நியாயம்? செமிகண்டக்டர் சென்சார் மதுவுக்கு மட்டுமல்லாமல் சிகரெட் புகைக்கும் அசிட்டோனுக்கும்கூடத் தடுமாறக்கூடியது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களின் மூச்சில் அசிட்டோன் இருக்கும். எங்கள் ஓட்டுநர்களில் இருவருக்குச் சர்க்கரை உண்டு. ஒரு மாதத்தில் அதை மேசை அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டேன்.

இரண்டாவது கருவிக்கு வரி உட்பட ஏறத்தாழ 14,000 ரூபாய் ஆனது. இது ஃபியூயல் செல் சென்சார் கொண்டது. மூச்சில் உள்ள எத்தனாலை வேதிவினையால் மின்னோட்டமாக மாற்றி அளக்கிறது, அசிட்டோனுக்கு ஏமாறுவதில்லை. ஐந்து விநாடி விடாமல் ஊத வேண்டும், நடுவில் மூச்சை விட்டால் ‘மீண்டும் ஊதவும்’ என்று மறுத்துவிடுகிறது. அடுத்தடுத்து மூன்று முறை ஊதினால் வித்தியாசம் இரண்டு மூன்றைத் தாண்டுவதில்லை. ஆளுக்கொரு ஊதுகுழல் என்பதால் மாதச் செலவு தனி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கேலிபரேஷனுக்கு, அதாவது சரியாக அளக்கிறதா என்று பார்த்துத் திருத்துவதற்கு, அனுப்ப வேண்டும். முதல் முறை அனுப்பியபோது திரும்பி வர மூன்று வாரம் ஆனது. விற்ற நிறுவனத்தின் சேவைப் பிரிவு தொலைபேசியை எடுத்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம். திரும்பி வந்த கருவியுடன் ஒரு சான்றிதழ் வந்தது. அனுப்புவதற்கு முன் எங்கள் கருவி ஆறு புள்ளி கூடுதலாகக் காட்டிக்கொண்டிருந்தது என்பதை அதில்தான் தெரிந்துகொண்டேன். 36லிருந்து ஆறைக் கழித்தால் என்ன வரும் என்று அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவரை ஊத வைத்த கருவி வேறு. ஆனால் அதன் சான்றிதழை அன்று கேட்டவர் யார், காட்டியவர் யார்?

எவ்வளவு நல்ல கருவியும் இரத்தத்தை அளப்பதில்லை. மூச்சில் உள்ளதை அளந்து, 2,100 பங்கு மூச்சில் உள்ள மது ஒரு பங்கு இரத்தத்தில் உள்ள மதுவுக்குச் சமம் என்ற பொது விகிதத்தால் பெருக்கிச் சொல்கிறது. அந்த விகிதம் ஆளுக்கு ஆள் மாறும். 120, 150 என்று வரும்போது இந்த மாறுதல் ஒரு பொருட்டே அல்ல; 30ஐ ஒட்டி 34, 36 என்று வரும்போது முழு வழக்கும் அதற்குள்தான் இருக்கிறது. 2025 ஜூலையில் கேரளத்தின் பந்தளம் போக்குவரத்துக் கழகப் பணிமனையில், மது குடிக்காத ஓட்டுநர்கள் நன்கு பழுத்த பலாச்சுளை தின்றுவிட்டு ஊதியதில் சிக்கிய செய்தியைப் படித்துச் சிரித்தவர்கள் பலர். பணிமனை என்பதால் மறுபடியும் ஊத வைத்துப் பார்த்து உண்மையைக் கண்டுபிடித்தார்கள். நள்ளிரவில் தடுப்புக்கட்டை ஓரத்தில் அதற்கு நேரமும் பொறுமையும் இருந்திருக்குமா என்பது வேறு கேள்வி.

இத்தனைக்கும் நம் மோட்டார் வாகனச் சட்டம் இந்த ஐயங்களை அறியாமல் எழுதப்பட்டதல்ல. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 203ஆவது பிரிவு மூச்சுச் சோதனையையும், 204ஆவது பிரிவு இரத்த மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதிப்பதையும் சொல்கின்றன. குடிபோதை வழக்கில் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தாவிட்டால் விடுவிக்க வேண்டும் என்று 202ஆவது பிரிவு கூறுகிறது. வாசனையை மட்டும் வைத்துப் போதை என்று முடிவு கட்டக் கூடாது என்பதை 1971இலேயே பச்சுபாய் ஹசனல்லி கர்யானி வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. நம்மவர்கள் குடிபோதை அபராதத்தை ‘ஸ்பாட் ஃபைன்’ என்று அழைத்தாலும், அதே இடத்தில் பணம் கட்டி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களை அடுக்கும் 200ஆவது பிரிவில், குடித்துவிட்டு ஓட்டுவதைக் குற்றமாக்கும் 185ஆவது பிரிவு இல்லை. நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும். போனால் என்ன நடக்கிறது? வரிசையில் நின்று, ஒப்புக்கொள்கிறேன் என்று சொல்லி, பணத்தைக் கட்டிவிட்டு வருகிறோம். மறுத்து வழக்கு நடத்தினால் போகும் நாட்களின் கூலி 10,000ஐத் தாண்டிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்த 10,000ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் முதல் குற்றத்துக்கான அபராதம் ‘2,000 ரூபாய் வரை’ என்று இருந்தது. திருத்தத்தில் தொகை ஐந்து மடங்கானதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள்; ‘வரை’ என்ற சொல் காணாமல் போனதைப் பற்றி யாரும் பேசவில்லை. இப்போது முதல் குற்றத்துக்கு 10,000, மறுமுறைக்கு 15,000 என்று தொகை நிலையாக இருக்கிறது. ஆறு மாதம் வரையிலான, மறுமுறையாயின் இரண்டு ஆண்டு வரையிலான சிறையும் சேரலாம். அபராதம் என்று வந்தால், 31 காட்டியவனுக்கும் 210 காட்டியவனுக்கும், மொபெட்டில் பால் ஊற்றுபவனுக்கும் சொகுசுக் காரில் வந்தவனுக்கும் ஒரே தொகைதான். பின்லாந்தில் இத்தகைய குற்றத்துக்கான அபராதம் ஒருவருடைய நாள் வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நம் ஊரில் பாதிப் பேரின் வருமானம் எந்தத் தாளிலும் இல்லை என்பதால் அது அப்படியே பொருந்தாது என்பதை நான் அறிவேன். ஆனாலும் அளவுக்கு ஏற்ற படிநிலை வைப்பதற்கு வருமானச் சான்று தேவையில்லை, திரையில் உள்ள எண்ணே போதும். உரிம முடக்கம் இன்னும் ஏறுமாறானது. அலுவலகம் போகிறவருக்கு அது மூன்று மாதம் வாடகைக் காரில் போகும் தொந்தரவு. ஓட்டுநருக்கு அடுப்பு எரியாத மூன்று மாதம். ஆனால் பிழைப்புக்காக ஓட்டுபவனிடம்தான் சட்டம் கூடுதல் ஒழுக்கத்தை எதிர்பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால், பின்னிருக்கையில் பதினாறு பயணிகளை ஏற்றி அனுப்பும் என்னால் மறுத்துப் பேச முடியாது. இந்த இடத்தில் என் மனம் இன்றும் இரண்டாகத்தான் இருக்கிறது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், 2010 முதல் சாலையோரத்திலேயே உரிமத்தைத் தடைசெய்யும் முறை இருக்கிறது. உயர் அளவு காட்டினால் 90 நாள் தடை, கூடவே வண்டியும் பறிமுதல். நம்முடையதைவிடக் கடுமையானது. ஆனால் அங்கே நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2012இல் விதியைத் திருத்தினார்கள். இரண்டாவது முறை ஊதிப் பார்க்கும் உரிமை உண்டு என்பதைக் காவலரே ஓட்டுநரிடம் சொல்ல வேண்டும். இரண்டாவது சோதனையை வேறொரு கருவியில் நடத்த வேண்டும். இரண்டில் குறைந்த அளவே செல்லும். திருத்தத்துக்கு முந்தைய முறையில் முடிவை எதிர்த்து முறையிடப் போதிய வழி இல்லை என்று கனடா உச்சநீதிமன்றம் 2015இல் குட்வின் வழக்கில் குறை கண்டது. தண்டனையைக் குறைக்காமலேயே நியாயத்தைக் கூட்ட முடியும் என்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. செலவு இன்னொரு கருவி, இருபது நிமிடம், ஒரு வாக்கியம்.

அந்த விதியைத்தான் எங்கள் ஷெட்டில் முடிந்தவரை எடுத்துக்கொண்டேன். ஃபியூயல் செல் கருவி ஒன்றுதான் இருப்பதால், அதிலேயே இருபது நிமிட இடைவெளியில் இரண்டு முறை ஊதலாம், குறைந்ததே கணக்கு. ஆனால் எங்கள் எல்லை 30 அல்ல, பூஜ்ஜியம். இதில் ஓட்டுநர்களுடன் முதல் வாரமே மோதல் வந்தது. “நேத்து பத்து மணிக்கு மேல தொடவே இல்லண்ணே, படுத்து எந்திரிச்சுத்தான் வர்றேன்” என்று ஒருவர் தலையில் அடித்துச் சொன்னார். கருவி 37 காட்டியது, இருபது நிமிடம் கழித்து 33. அவர் பொய் சொல்லவில்லை. ஒரு குவாட்டர் என்பது 180 மில்லி, 42.8 சதவீதச் சரக்கில் ஏறத்தாழ 60 கிராம் மது இருக்கிறது. எழுபது கிலோ ஆணின் இரத்தத்தில் அது 120க்கு மேல் ஏற்றிவிடும். உடல் மணிக்குச் சுமார் 15தான் இறக்கும். கடை மூடும் பத்து மணிக்குக் குடித்து முடித்தவர் நான்கு மணிக்குச் சாவியை நீட்டும்போதும் எல்லையைத் தாண்டித்தான் நிற்கிறார். தூங்கி எழுந்தால், குளித்தால், தயிர்சாதம் சாப்பிட்டால் இறங்கிவிடும் என்ற நம்பிக்கையை இந்தக் கருவி ஒரே வாரத்தில் ஒழித்தது; அதற்காகவே கொடுத்த விலை தகும். அன்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆக்டிங் டிரைவரை அழைத்தேன். பேட்டா பிடித்தேன், பெயரைப் பலகையில் எழுதவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: தனிமனிதர் ஒருவர் ‘இன்னும் ஒரு கட்டிங் போடலாமா’ என்று பார்த்துக்கொள்வதற்காக 2,300 ரூபாய்க் கருவியை வாங்குவது வீண், அது 22 காட்டியதை நம்பி வண்டியை எடுத்து, தடுப்புக்கட்டையில் 36 வந்தால் அந்த நிறுவனம் வந்து நிற்கப் போவதில்லை. அதற்குரிய மதிப்பெண் ஐந்துக்கு ஒன்று. பல ஓட்டுநர்களை வைத்து வேலை வாங்குபவர்களுக்கு ஃபியூயல் செல் கருவி தேவையானது. கேலிபரேஷன் எங்கே, எத்தனை நாளில், என்ன கட்டணத்தில் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு வாங்குங்கள். சேவைக்காக ஒரு மதிப்பெண் குறைத்து ஐந்துக்கு நான்கில் இரண்டாவதை நிறுத்துகிறேன் என்று எழுத நினைத்தேன். மூன்று வாரத்தை நினைத்து மூன்றரை ஆக்குகிறேன்.

உரிமம் திரும்பக் கிடைத்த எங்கள் பழைய ஓட்டுநர் இப்போது கொடைக்கானல் வண்டியை ஓட்டுகிறார். தினமும் ஊதி முடித்ததும் கருவியைத் திருப்பி, பின்புறம் ஒட்டியிருக்கும் கேலிபரேஷன் தேதியை ஒரு முறை படித்துவிட்டுத்தான் என் கையில் கொடுப்பார்.