ரப்டி ஊற்றிய பொம்பே டோஸ்ட்: இரண்டு வருடம் செய்து பார்த்த பிறகு

எங்கள் வீட்டில் ஞாயிறு காலை என்றால் இதுதான், இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. முட்டையும் பாலும் அடித்து அதில் பாணைத் தோய்த்துப் பொரிப்பதைக் கொழும்பில் நாம் பொம்பே டோஸ்ட் என்போம். வட இந்தியாவில் பாணை நெய்யில் பொரித்து, சீனிப்பாகில் ஊறவைத்து, மேலே ரப்டி, அதாவது ஆடையோடு வற்றக் காய்ச்சிய இனிப்புப் பால், ஊற்றி ஷாஹி துக்டா என்று கொடுப்பார்கள். ஹைதராபாத்தின் டபுள் கா மீட்டாவும் அதே குடும்பம்தான், அங்கே பாணுக்கு டபுள் ரொட்டி என்று பேர். பொம்பே டோஸ்டையும் ஷாஹி துக்டாவையும் ஒரே தட்டில் சேர்த்தால் நல்ல காலைச் சாப்பாடு வரும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன்.

முதல் இரண்டு மாதம் சரிவரவில்லை. முட்டைக் கலவையில் சீனி, மேலே பாகு, ரப்டியிலும் சீனி என்று எல்லா இடத்திலும் போட்டேன். அம்மா பாதித் துண்டோடு தட்டைத் தள்ளிவைத்து, "காலமையில இவ்வளவு இனிப்பை என்னெண்டு பிள்ளை சாப்பிடுறது?" என்று கேட்டார். அவர் கேட்டது சரி. ஷாஹி துக்டா விருந்துக்குப் பிறகு சாப்பிடுகிற பண்டம், வெறும் வயிற்றுக்கு அந்த இனிப்பு ஆகாது. அதோடு சீனி கலந்த முட்டை நடு வேகும் முன்னமே வெளியே கருகிவிடும். இப்போது இரண்டு முட்டைக்கு 150 மில்லிலீட்டர் பால், கொஞ்சம் உப்பு, ஏலக்காய்த்தூள், அவ்வளவுதான். பாகை முழுதாக விட்டுவிட்டேன். சீனி ரப்டியில் மட்டும்.

ரப்டியைச் சனி இரவே செய்து வைப்பேன். அகன்ற, அடி கனமான சட்டியில் 1 லீட்டர் பசும்பாலை மெல்லிய தீயில் விட்டு, மேலே படியும் ஆடையைக் கரண்டியால் ஒதுக்கிச் சட்டியின் பக்கத்தில் ஒட்டவைத்துக்கொண்டே இருக்க வேண்டும், பால் மூன்றில் ஒன்றாக வற்றியதும் அந்த ஆடையைச் சுரண்டி உள்ளே தள்ளி 2 மேசைக்கரண்டி சீனி போட்டு இறக்கினால் முடிந்தது, ஆனால் இதற்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அவ்வளவு நேரம் அடுப்பு எரிவது மனதை உறுத்தும். அதனால் மாதத்தில் இரண்டு ஞாயிறுக்கு ரின்பால் முறைதான்: அரை லீட்டர் பால், 3 மேசைக்கரண்டி ரின்பால், 2 மேசைக்கரண்டி பால்மா, 20 நிமிடம். இதில் சீனி தேவையில்லை. ருசி நன்றாகவே இருக்கும், ஆனால் நாக்கில் படுகிற அந்த ஆடைத் துண்டுகள் கிடைக்காது. எனக்கு ரப்டி என்றால் அந்த ஆடைதான்.

பாண் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சுடச்சுட வாங்கிய பாணைத் தோய்த்தால் கையிலேயே பிய்ந்துவிடும். பழசாகட்டும் என்று வெளியே வைத்தால் கொழும்பு ஈரப்பதத்துக்குக் காயாது, பூஞ்சணம்தான் பிடிக்கும். நான் ஒரு இறாத்தல் அச்சுப் பாணைப் பெருவிரல் தடிப்பில் வெட்டி, மூடாமல் இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பேன். அங்கே பாண் சீக்கிரம் இறுகிவிடும் என்பது வழக்கமாகக் குறை, இந்த வேலைக்கு அதுதான் வேண்டியது. பக்கத்துக்கு 20 விநாடி தோய்த்தால் போதும். பொரிக்க நெய் மட்டும் பாவியுங்கள், பட்டர் இரண்டாவது துண்டுக்கே கருகத் தொடங்கும்.

குங்குமப்பூவில் ஒருமுறை ஏமாந்தேன். பாலில் போட்டவுடன் பளிச்சென்று நிறம் இறங்கி, இழை வெளுத்துப்போனது. நல்ல குங்குமப்பூ மெதுவாகத்தான் நிறம் விடும், இழை சிவப்பாகவே இருக்கும். அதன் பிறகு பிறந்தநாளுக்கு மட்டும் குங்குமப்பூ, மற்ற நாளில் ஏலக்காய். பிஸ்தாவுக்குப் பதில் வறுத்த கஜு.

எங்கள் ஊர்ப் பங்கு கித்துள் பாணி. ரப்டிக்கு மேலே ஒரு தேக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். அந்த லேசான புகை மணம் பாலோடு சேரும்போது வருகிற ருசியைச் சீனிப்பாகால் தரவே முடியாது, எருமைத் தயிரும் பாணியும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

வெள்ளிக்கிழமை விடுமுறை வந்தால் அன்று சைவம், அம்மா முட்டை தொடமாட்டார். அப்போது 250 மில்லிலீட்டர் பாலில் 2 மேசைக்கரண்டி கஸ்டர்ட் பவுடர் கரைத்துத் தோய்க்கிறேன். முட்டையளவு மென்மை வராது, ஓரம் நல்ல மொறுமொறுப்பாக வரும், அம்மாவுக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். மா அடியில் தங்கிவிடும், ஒவ்வொரு துண்டுக்கும் முன் ஒருதரம் கலக்கிவிடுங்கள்.