பான்டூன் படகு நங்கூரத் தொகுப்புகள்: எதை வாங்கலாம், எதைக் கடையிலேயே விட்டுவிடலாம்

மிதவைக் குழாய்கள் மீது தட்டையான தளம் அமைத்த பான்டூன் படகைப் புதிதாக வாங்கியவர்கள் நங்கூரத்தை எடை பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள். கையில் தூக்கினால் கனக்கிறது, ஆகவே படகைப் பிடித்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் பிடிப்பது எடை அல்ல. நங்கூரம் தரையைக் கொத்தும் விதமும், கயிறு அதை இழுக்கும் கோணமும்தான் பிடிக்கின்றன. ஆறேழு மீட்டர் நீளப் பான்டூனுக்கென்று விற்கப்படும் தொகுப்புகளை இந்தக் கண்ணோட்டத்தில்தான் இங்கே மதிப்பிடுகிறோம்.

முதலில் பான்டூனைப் பற்றிய ஓர் உண்மை. நீருக்குள் அது கொஞ்சமாகவே அமிழ்ந்திருக்கும். நீருக்கு மேலே வேலி, இருக்கைகள், பந்தல் என்று காற்றுக்கு முகம் காட்டும் பரப்பு ஏராளம். இரண்டரை மீட்டர் அகலப் படகு பந்தலை விரித்துக்கொண்டு காற்றை நேராக எதிர்கொண்டால், தடுக்கும் பரப்பு சுமார் 6 சதுர மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்றில் அதன் மீது விழும் விசை ஏறத்தாழ 37 கிலோ. படகு பக்கவாட்டில் திரும்பிவிட்டால் அது இரட்டிக்கும். காற்றின் வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். சிமென்ட் நிரப்பிய வாளியை நங்கூரமாகப் போடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 20 கிலோ சிமென்ட் கட்டி நீருக்குள் 12 கிலோகூட எடை காட்டாது. எடையை நம்பினால் படகு நகரும்.

இந்த அளவுகோலில் காளான் வடிவ நங்கூரம் முதலிலேயே விழுந்துவிடுகிறது. பிளாஸ்டிக் பூச்சு போட்டது, தளத்தைக் கீறாது, விலையும் குறைவு என்பதால் இதுதான் அதிகம் விற்கிறது. மென்மையான சேற்றில் நெடுநாள் கிடந்து புதையும்போதுதான் இதற்குப் பலம் வரும். போட்ட சில நிமிடங்களில் அது வெறும் பாரம். மணலில் அது உருண்டுகொண்டே போகும். காற்றில்லாத குளத்தில் மீன்பிடிக்க நிற்பதற்குச் சரி, நீச்சலடிக்கக் குழந்தைகளை இறக்கிவிட்டு நிற்பதற்குச் சரியல்ல.

நான்கு விரல்களை மடக்கி வைக்கும் கொக்கி நங்கூரம் பெட்டிக்குள் அழகாக அடங்கும். பாறை இடுக்கிலும் மூழ்கிய மரத்திலும் மாட்டும். மணலில் கோடு கிழித்துக்கொண்டு வரும். தொகுப்புகளில் வரும் ஒன்றரை முதல் மூன்று கிலோ அளவு கயாக்குக்கும் சிறு ரப்பர் படகுக்கும் உரியது. பான்டூனுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

நாங்கள் முதலிடம் தருவது இரட்டைத் தகடு நங்கூரத்துக்கு. டான்ஃபோர்த் வகை என்று கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். கீல் மீது அசையும் இரண்டு கூரிய தகடுகள் மணலிலும் கெட்டிச் சேற்றிலும் இறங்கி, இழுக்க இழுக்க இன்னும் ஆழமாகப் புதையும். ஏழு மீட்டர் படகுக்கு எஃகில் 6 கிலோ அளவு வாங்குங்கள். தயாரிப்பாளரின் அளவு அட்டவணை அதற்குக் கீழே ஓர் அளவு காட்டினாலும் பான்டூனுக்கு ஒரு படி மேலே போவதே நல்லது. குறைகள் இரண்டு. அடர்ந்த நீர்ச்செடிகள் மேல் விழுந்தால் தகடு தரையைத் தொடாமல் வழுக்கும். காற்று எதிர்த்திசைக்கு மாறினால் பிடுங்கிக்கொள்ளும். சில நேரம் தகட்டிடையே கல்லோ செடியோ சிக்கி, மறுபடி கொத்தாமல் போகும். அலுமினியத்தில் வருவது பாதி எடை, தூக்க எளிது. ஆனால் செடிப் பரப்பில் இன்னும் எளிதாக மிதந்து வழுக்கும்.

பெட்டி போல விரிந்து தட்டையாக மடியும் நங்கூரம் இரண்டாவது. எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு விளிம்பு தரையைக் கொத்தும், காற்றுத் திசை மாறினாலும் மீண்டும் பிடிக்கும். பான்டூனுக்கென்று வரும் அளவு 8 முதல் 11 கிலோ என்பதால் வேலிக்கு மேல் தூக்கி வைக்க முதுகு வேண்டும். சங்கிலி வேண்டாம், குறைந்த கயிறு போதும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அதை ஏற்று நீண்ட கயிற்றைக் கைவிட வேண்டாம். கயிறு நீண்டால் எந்த நங்கூரமும் கூடுதலாகவே பிடிக்கும்.

நங்கூரத்தைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியது அதனுடன் வரும் கயிறும் சங்கிலியும். மலிவான தொகுப்புகள் பணத்தை மிச்சம் பிடிப்பது இங்கேதான். மஞ்சள் அல்லது நீல நிறப் பாலிப்ரோப்பிலீன் கயிறு நீரில் மிதக்கும், வெயிலில் நைந்துபோகும், அடுத்த படகின் புரொப்பெல்லரிலும் சுற்றும். வேண்டியது 10 மில்லிமீட்டர் நைலான் கயிறு, 30 மீட்டர். நைலான் நீளும், அலை இழுக்கும் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். 6 மில்லிமீட்டர் துத்தநாகம் பூசிய சங்கிலி 2 மீட்டர் சேர்த்தால் சுமார் ஒன்றரை கிலோ கூடும். நங்கூரத்தின் தண்டைத் தரையோடு படுக்க வைப்பதும், கயிறு கல்லில் தேயாமல் காப்பதும் அதுதான். கயிற்றின் நுனி வளையத்துக்குள் அது தேயாமல் காக்கும் உலோகத் திம்பிள் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் திம்பிள் பிளந்துவிடும். இவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் U வடிவ வளையமான ஷாக்கிளின் திருகாணியை மெல்லிய கம்பியால் கட்டி வையுங்கள். கட்டாவிட்டால் அதிர்வில் தானே கழன்று, கயிறு மட்டும் மேலே வரும்.

கயிற்று நீளக் கணக்கில் பெரும்பாலோர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: நீரின் ஆழத்துடன் தளத்தின் உயரத்தையும் கூட்ட வேண்டும். ஆழம் 3 மீட்டர், முன்தளம் நீருக்கு மேல் 60 சென்டிமீட்டர் என்றால் 3.6 மீட்டர். பகல் நேரத்தில் ஆள் இருந்து பார்த்துக்கொள்ளும்போது அதன் ஐந்து மடங்கு, அதாவது 18 மீட்டர். காற்று ஏறினாலோ தூங்கப் போனாலோ ஏழு மடங்கு, 25 மீட்டர். தொகுப்பில் வரும் 15 மீட்டர் கயிறு இங்கே நான்கு மடங்குதான் வருகிறது. கயிறு குட்டையானால் நங்கூரத்தை மேல்நோக்கி இழுக்கும், கொத்திய தகடு எழும்பிவிடும்.

போடும்போது படகின் அணியம், அதாவது முன்முனை, காற்றைப் பார்க்க வேண்டும். படகை முழுவதும் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்த பிறகே யாரும் வேலிக்கு வெளியே முன்தளத்துக்குப் போகலாம். ஓடும் படகில் முன்னால் விழுந்தவர் இரண்டு குழாய்களுக்கும் நடுவே போய் நேராகப் புரொப்பெல்லரில் சிக்குவார். நங்கூரத்தை எறியாமல் இறக்குங்கள். எறிந்தால் சங்கிலி தகட்டைச் சுற்றிக்கொள்ளும். காற்று படகைப் பின்னால் தள்ளத் தள்ளக் கயிற்றை விடுங்கள். மூன்று மடங்கு நீளம் போனதும் ஒரு கணம் கட்டிப் பிடித்து அது கொத்துகிறதா என்று பாருங்கள். பிறகு மீதியை விட்டு, மோட்டாரை மெதுவாக ரிவர்ஸில் இழுத்து உறுதி செய்யுங்கள். கரையில் முன்னும் பின்னுமாக உள்ள ஒரு மரத்தையும் கம்பத்தையும் ஒரே கோட்டில் குறித்துக்கொண்டால் போதும். ஐந்து நிமிடம் கழித்து அந்தக் கோடு விலகியிருந்தால் படகு நகர்கிறது.

கயிற்றை வேலிக் குழாயில் ஒருபோதும் கட்டாதீர்கள். அது கை வைக்க, இழுவை தாங்க அல்ல. இரண்டு மிதவைக் குழாய்களின் மூக்கிலும் உள்ள வளையங்களிலிருந்து சம நீளத்தில் ஒரு V வடிவக் கயிறு போட்டு, அதன் நடுவில் நங்கூரக் கயிற்றைக் கட்டினால், பான்டூன் இடமும் வலமுமாக அலைவது வெகுவாகக் குறையும். பெரும்பாலான தொகுப்புகளில் இந்தக் கயிறு வராது. தனியாக வாங்குவது நிச்சயம் பலன் தரும். பின்பக்கத்திலிருந்து மட்டும் நங்கூரம் போடுவது ஆபத்து: மோட்டார் எடையால் தாழ்ந்திருக்கும் அந்தப் பக்கத்தில் அலை ஏறிவரும்.

இனி கரையேற்றுவது. இதற்கு விற்கப்படுவதில் திருகு வடிவ மணல் முளை நல்ல பொருள். மேலே T வடிவக் கைப்பிடி உள்ள, அரை மீட்டருக்குக் குறையாத எஃகு முளையைப் பாருங்கள். நீர்விளிம்பை ஒட்டிய ஈர மணலில், தலை படகைவிட்டு எதிர்ப்புறம் சாய்ந்திருக்குமாறு முழுவதும் திருகி இறக்க வேண்டும். காய்ந்த உதிரி மணலில் அது பிடிக்காது. ஆழத்தில் போட்ட நங்கூரத்துக்கும் படகுக்கும் இடையே கட்டும், நீண்டு சுருங்கும் பங்கீ கயிறு அமைதியான நாளில் வசதியானது: ஆட்களை ஏற்றி இறக்கிவிட்டுக் கையை எடுத்தால் படகைத் தானே ஆழத்துக்கு இழுத்துக்கொள்ளும். பலத்த காற்றில் அதை மட்டும் நம்புவது தவறு. முழுவதும் நீண்ட நிலையில் கொக்கி கழன்றால் முகத்தில் அடிக்கும்.

கரைக்கு வருமுன் இடத்தைப் பாருங்கள். மிதவைக் குழாயின் அலுமினியச் சுவர் பெரும்பாலும் 2 முதல் 2.5 மில்லிமீட்டர்தான். கல்லும் கட்டையும் உள்ள கரை அதற்கு எதிரி. சுத்தமான மணல் வேண்டும். காற்று கரையை நோக்கி வீசினால் அங்கே கரையேற்றுவதை விட்டுவிடுங்கள். கரைக்கு 20 மீட்டர் முன்பே பின்பக்க நங்கூரத்தை இறக்கிவிட்டு, அதன் கயிற்றைத் தளராமல் ஒருவர் விட்டுக்கொண்டே வர, ஊர்ந்து வாருங்கள். ஆட்கள் பின்னால் உட்கார்ந்தால் அணியம் உயரும். மோட்டாரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, அடிமணல் கலங்கும் முன்பே நிறுத்திவிடுங்கள். குளிர்விக்கும் நீருடன் மணலையும் உறிஞ்சினால் பம்பில் சுழலும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் தேயும். மூக்கு மட்டும் மணலைத் தொட்டால் போதும். முழுவதும் ஏற்றிவிட்டால், கடந்துபோகும் படகுகளின் அலை குழாயைத் தூக்கித் தூக்கி மணலில் அறையும், அடிப்பகுதியும் பற்றவைப்பும் தேயும். குழாயின் அடியில் ஒட்டும் காப்புப் பட்டை தேய்மானத்தைக் குறைக்கும். கல்லில் மோதுவதை அது தடுக்காது.

வற்றம் வரும் கடலோரத்திலும், மதகு திறக்கும் நீர்த்தேக்கத்திலும் படகைக் கண்காணிப்பின்றி விட வேண்டாம். நீர் ஒரு சாண் இறங்கினாலே ஒரு டன்னுக்கு மேற்பட்ட படகு தரையில் உட்கார்ந்துவிடும். கிளம்பும்போது முளையை எடுத்து, எல்லோரையும் பின்னுக்கு அனுப்பி, பின்பக்கக் கயிற்றைக் கையாலேயே இழுத்து ஆழத்துக்கு வாருங்கள். அந்தக் கயிறும் நங்கூரமும் தளத்துக்கு ஏறிய பிறகுதான் மோட்டாரை இறக்கி ஸ்டார்ட் செய்ய வேண்டும்.