ஜாங்கோவோடு குடித்தனம்: வளரும் ஒரு மதுரை டீமின் அனுபவம்

கீழமாசி வீதி மொத்த வியாபாரிகளுக்கு பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறோம். 2019 கடைசியில் மூன்று பேராக இருந்தபோது பைத்தான் மொழியையும், அதில் வெப்சைட் சாஃப்ட்வேர் கட்ட உதவும் ஜாங்கோ என்ற ஆயத்தச் சட்டகத்தையும் எடுத்தோம். இப்போது இருபது பேரை நெருங்குகிறோம். "ஏன் நோட்.ஜேஎஸ் இல்லை, ஏன் ஜாவா இல்லை?" என்று மற்ற தொழில்நுட்பங்களைச் சொல்லி இன்னும் கேட்கிறார்கள்.

மதுரையில் டீம் நடத்தினால் ஒன்று நிச்சயம். வேலை நன்றாகப் பழகியதும் பையன்கள் சென்னைக்கோ பெங்களூருக்கோ கிளம்பிவிடுவார்கள். அந்தச் சம்பளத்தை நம்மால் தர முடியாது, கோபித்துப் பயனில்லை. அதனால் நான் வேகத்தை வைத்து எதையும் எடைபோடுவதில்லை. போனவர் எழுதிய புரோகிராமை, வந்தவர் எவ்வளவு சீக்கிரம் கையில் எடுக்கிறார் என்றுதான் பார்ப்பேன்.

அந்த விஷயத்தில் ஜாங்கோ கெட்டி. டேபிள் எங்கே, யூஆர்எல் எங்கே, டெம்ப்ளேட் எங்கே என்பதெல்லாம் எந்த புராஜெக்ட்டைத் திறந்தாலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கும். நோட்.ஜேஎஸ் ஆட்கள் பயன்படுத்தும் எக்ஸ்பிரஸ் சட்டகத்தில் ஃபோல்டரை எழுதுபவர் இஷ்டப்படி அடுக்கலாம். எழுதியவர் பக்கத்து சீட்டில் இருக்கும்வரை அந்தச் சுதந்திரம் நல்லதுதான்.

ஆள் கிடைப்பதும் சுலபம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் வந்துவிட்டது. பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்திலும் வந்துவிட்டது. ஃப்ரெஷருக்கு லூப்பிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

ஜாங்கோவோடு ஆயத்தமாக வரும், விவரங்களை ஏற்றித் திருத்தும் அட்மின் ஸ்கிரீனைத் தனியாகச் சொல்ல வேண்டும். கான்சாஸ் மாநிலம் லாரன்ஸ் நகரில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்தது ஜாங்கோ. 2005-ல் வெளியே வந்தது. கோட் தெரியாதவர்களும் உள்ளே விவரம் ஏற்ற வேண்டிய இடம் அது. எங்கள் சப்போர்ட் ஆட்கள் ஜிஎஸ்டி விகிதம் மாற்றுவதும் வியாபாரி பெயரைத் திருத்துவதும் இன்றுவரை அதில்தான்.

சரி, தொந்தரவுகளுக்கு வருவோம். முதலாவது ஓஆர்எம், அதாவது பைத்தானில் எழுதுவதை டேபிளுக்கான கேள்வியாக (குவெரி) மாற்றித் தரும் பகுதி. நூறு பில்லைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் வாடிக்கையாளர் பெயரைக் கேட்டால், சத்தமில்லாமல் நூற்றியொரு குவெரி ஓடும். லேப்டாப்பில் பத்து பில்லை வைத்துப் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. தீபாவளி சீசனில் கடையில்தான் தெரியும். பில்லோடு பெயரையும் ஒரே குவெரியில் எடுக்கச் சொல்லும் 'செலக்ட் ரிலேட்டட்' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் தீர்ந்தது. கோட் ரிவ்யூவில் நான் முதலில் தேடுவதே அதைத்தான்.

டீம் பெருத்ததும் மைக்ரேஷன் (டேபிள் அமைப்பில் செய்யும் மாற்றத்தை எண் போட்டுப் பதியும் ஃபைல்) இடிக்க ஆரம்பித்தது. இரண்டு பேர் தனித்தனி பிராஞ்சில் (கோடின் தனிப் பிரதியில்) ஒரே எண்ணில் மைக்ரேஷன் போட்டுவிடுவார்கள். இரண்டையும் சேர்க்க (மெர்ஜ்) வழி இருக்கிறது, ஆனாலும் எரிச்சல்தான்.

2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கும் இ-இன்வாய்ஸ் (பில்லை ஜிஎஸ்டி போர்ட்டலில் பதிந்து எண் வாங்குவது) கட்டாயமானது. எங்கள் வாடிக்கையாளர்களில் பலர் அந்த வரம்புக்குள் வந்தார்கள். வெளி சர்வரின் பதில் வரும்வரை கவுன்டரில் ஆள் காத்திருக்க முடியாது. ஆகவே அந்த வேலையைப் பின்னணியில் செய்து முடிக்கும் செலரிக்கும், அதற்கான வரிசையை வைத்திருக்கும் ரெடிஸுக்கும் தள்ளினோம். நன்றாக ஓடுகிறது. ஆனால் ராத்திரி கண்காணிக்க வேண்டிய சாமான்கள் இரண்டு கூடிவிட்டன.

தமிழ் பில் அச்சடிப்பது தனிப் பெரும்பாடு. முதலில் எடுத்த பிடிஎஃப் லைப்ரரியில் 'கொ', 'கோ' எல்லாம் கொம்பும் காலும் பிரிந்து நின்றன. வீசிபிரின்ட் என்ற லைப்ரரிக்கு மாறியதும் எழுத்து ஒழுங்காக வந்தது.

ஜாங்கோ அப்கிரேடு பயந்த அளவுக்கு இல்லை. நீண்ட கால ஆதரவுள்ள பதிப்புகளில் மட்டும் கால் வைக்கிறோம்: 2.2, 3.2, 4.2. ஒவ்வொன்றுக்கும் சுமார் மூன்று வருஷம் பாதுகாப்புத் திருத்தம் வரும். 4.0-ல், ஃபார்ம்களை ஏற்கலாம் என்று நாம் கொடுக்கும் நம்பகமான டொமைன் (இணைய முகவரி) பட்டியலில் 'எச்டிடிபிஎஸ்' முன்னொட்டும் வேண்டும் என்று மாற்றினார்கள். ரிலீஸ் நோட்ஸ் படிக்காத டீமுக்கு, அந்தப் பட்டியலை நம்பியிருந்த ஃபார்ம்கள் அன்றைக்குப் போகாது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் வியாபாரி ஒருவர் விலை நொடிக்கு நொடி திரையில் மாற வேண்டும் என்றார். ஜாங்கோவிலும் இதற்கு சேனல்ஸ் என்ற கூடுதல் பகுதி இருக்கிறது, ஆனால் ஜாங்கோவின் ஓஆர்எம் உள்ளே இன்னும் ஒன்று முடியும்வரை காத்திருக்கும் பழைய முறையில்தான் ஓடுகிறது. அதனால் அந்த விலைத் திரையை மட்டும் நோட்.ஜேஎஸ்ஸில் எழுதினோம். டேபிள் மாற்றம் எல்லாம் ஜாங்கோ வழியாகத்தான் என்பது கண்டிப்பு. அந்த நோட்.ஜேஎஸ் பகுதி தெரிந்தவர் ஆபீஸில் ஒரே ஒருவர். அவர் லீவு கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.