அமைப்புக் கோப்பின் பாதை: கையால் ஒட்டுவதா, நூலகத்திடம் கேட்பதா?

மார்த்தாண்டத்து ரப்பர் ஷீட் கடைக்கு பைத்தானில் ஒரு பில்லிங் நிரல். எழுதுவது உபுண்டுவில், கடையில் ஓடுவது விண்டோஸில். கிலோ விலை போன்றவற்றைச் சேமிக்கும் அமைப்புக் கோப்பை எங்கே வைப்பது?

கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் பாதையை, கோப்புறைப் பெயர்களைச் சேர்த்துக் கையால் ஒட்டினால் கூடுதலாக எதையும் நிறுவ வேண்டாம்; ஒரே கணினிக்கு அது போதும். இரண்டாவது கணினி வந்ததும் சிக்கல்தான். மேற்கோளுக்குள், விண்டோஸ் பாதையில் கோப்புறைகளைப் பிரிக்கும் பின்சாய்கோட்டை அடுத்துச் சின்ன ‘என்’ வந்தால் பைத்தான் அதைப் புது வரியாக எடுத்துக்கொள்ளும்; ‘நியூ’ என்ற கோப்புறை கிடைக்கவே கிடைக்காது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் விண்டோஸ் பொறுக்கும், லினக்ஸ் பொறுக்காது. நிரலின் பக்கத்திலேயே கோப்பை வைக்கலாமே என்றால், புரோகிராம் ஃபைல்ஸுக்குள் சாதாரணப் பயனருக்கு எழுத அனுமதி இல்லை. கிலோ விலையை மாற்றிச் சேமிக்கும்போது பிழை வரும்.

இரண்டு கணினி என்றாலே பிளாட்ஃபார்ம்டிர்ஸ் நூலகம்தான் சரி. லினக்ஸில் டாட் கான்ஃபிக், விண்டோஸில் ஆப்டேட்டாவின் லோக்கல், மேக்கில் லைப்ரரிக்குள் அப்ளிகேஷன் சப்போர்ட் என்று உரிய இடத்தை அதுவே சொல்லும். விண்டோஸில் ஆசிரியர் பெயர் கொடுக்காவிட்டால் நிரலின் பெயரே இரண்டு அடுக்காக வரும். அந்த இடத்தில் ‘ஃபால்ஸ்’ கொடுங்கள். கோப்புறையை முதலில் உருவாக்கிவிட்டு, பைத்தான் 3.4 முதல் கூடவே வரும், பாதைகளைக் கையாளும் பாத்லிப் நூலகத்தால் கோப்பின் பெயரை இணையுங்கள்.