ஹாட் டாக் மேல் போடும் சில்லி: சுங்கை சிப்புட் கடைகளில் எது தேறும், எது தேறாது

மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டில் ஒட்டுக்கடைக்காரரிடம் போய், "அண்ணே, ஹாட் டாக்கில் சில்லி போடுங்க" என்று கேட்டால் அவர் கை நேராகச் சிவப்பு பாட்டிலுக்குத்தான் போகும். அவர் மேல் தப்பில்லை. நமக்குச் சில்லி என்றால் சோஸ். அமெரிக்கர் சொல்லும் சில்லி டாக் வேறு சங்கதி: மாவுபோல் பொடியாக வெந்த கொத்துக்கறி, மிளகாய், சீரகம், தக்காளி எல்லாம் சேர்ந்து சுண்டியது, சொசேஜின் மேல் இரண்டு மூன்று கரண்டி. டிட்ராய்ட்டில் கிரேக்கத்திலிருந்தும் மாசிடோனியா பக்கத்திலிருந்தும் குடியேறியவர்கள் இதை விற்று ஊர் உணவாக்கினார்கள். அங்கே இதற்குக் கோனி சோஸ் என்று பெயர். சின்சினாட்டியில் 1922இல் கிராஜெஃப் சகோதரர்கள் தொடங்கிய வகையில் பட்டையும் கிராம்பும்கூட உண்டு.

பட்டை, கிராம்பு, சீரகம், காய்ந்த மிளகாய். நம் அஞ்சறைப் பெட்டியில் இல்லாதது எது? ஆனாலும் இந்த ஊரில் வீட்டில் செய்யும் சில்லி பத்துக்கு எட்டு தடவை கீமாவாகவோ சம்பாலாகவோதான் வந்து நிற்கிறது. காரணம் கைப்பக்குவம் இல்லை, கடையில் எடுக்கும் பாக்கெட். எனவே மார்க்கெட்டிலும் மளிகைக்கடையிலும் கிடைப்பதை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலில் மிளகாய்த்தூள். அமெரிக்கச் சமையல் குறிப்பில் "சில்லி பவுடர் 2 மேசைக்கரண்டி" என்று இருப்பதைப் பார்த்து நம் மிளகாய்த்தூளை அதே அளவு போட்டால் வாயில் வைக்க முடியாது. அவர்களுடையது தனி மிளகாய் அல்ல. காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், பூண்டு, ஓரிகானோ கலந்த கலவை. டெக்சஸில் 1890களிலிருந்தே அது பாட்டிலில் விற்பனைக்கு வந்துவிட்டது. நம் மளிகைக்கடையில் பாபாஸ், அலகப்பாஸ் இரண்டிலும் தனி மிளகாய்த்தூள் உண்டு. நிறமும் மணமும் சரி, காரம் மட்டும் கூடுதல். அரைக் கிலோ கறிக்கு இதில் 1 தேக்கரண்டி போதும். மிச்ச நிறத்தைக் காஷ்மீரி மிளகாய்த்தூள் 3 தேக்கரண்டி கொடுக்கும். இந்த ஜோடிக்குத் தாராளமாக ஐந்துக்கு ஐந்து.

அதே அலமாரியில் பக்கத்தில் நிற்கும் இறைச்சி மசாலாவுக்கு இந்த வேலையில் பூஜ்யம். ஆட்டுக்கறிக்கு அதை அடிக்க ஆளில்லை, அது வேறு பேச்சு. ஆனால் அதில் மல்லியும் சோம்பும் தூக்கலாக இருக்கும். சோம்பு வாசம் வந்த நிமிடமே சில்லி கீமாவாகிவிடும், பிறகு என்ன போட்டாலும் திரும்பாது.

மில்லில் அரைத்து வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உங்களுக்கு முன்னால் ஒருவர் மல்லி அரைத்திருந்தால் கல்லில் ஒட்டியிருப்பது உங்கள் மிளகாயில்தான் இறங்கும். காலையில் முதல் ஆளாகப் போங்கள், அல்லது ஒரு பிடி மிளகாயை முதலில் விட்டு, வருகிற தூளைத் தனியாக எடுத்து ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் பாக்கெட்டில் விற்கும் அரைத்த ஈரமிளகாய், அதாவது சில்லி போ, இதற்கு ஆகாது. அதன் பச்சை வாசம் போக எண்ணெய் பிரியும்வரை வதக்க வேண்டும். வதக்கினால் அது சம்பால்.

சீரகத்தைத் தூளாக வாங்க வேண்டாம். முழுச் சீரகம் 2 தேக்கரண்டியை வெறும் சட்டியில் சிறு தீயில் ஒரு நிமிடம் வறுத்து, நிறம் ஒரு படி இருண்டதும் இறக்கிப் பொடியுங்கள். சில்லிக்கு அடையாள வாசனையே இதுதான்.

ஓரிகானோ பெரிய சூப்பர் மார்க்கெட்டில் சின்னப் பாட்டிலில் கிடைக்கும். அதற்காக ஈப்போவுக்குக் கார் எடுக்க வேண்டியதில்லை. வாசலில் குழந்தைகளின் சளிக்கு வளர்க்கிற கற்பூரவல்லி இருக்கிறதே, மேல்நாட்டில் அதையே கியூபா ஓரிகானோ என்கிறார்கள். இரண்டுக்கும் வாசனை கொடுப்பது ஒரே வகை எண்ணெய்ப் பொருள்கள்தான். அரைக் கிலோவுக்கு நடுத்தர இலை 2, நரம்பு நீக்கி மிகப் பொடியாக நறுக்கிக் கடைசிப் பத்து நிமிடத்தில் போடுங்கள். மூன்றாவது இலை போனால் கஷாயம். செடி இல்லாத வீட்டில் ஓமம் கால் தேக்கரண்டியைக் கசக்கிப் போடலாம், அதுவும் அதே குடும்பத்து வாசனைதான்.

இப்போது கறி. வெற்றியும் தோல்வியும் இங்கேதான். அசல் மாட்டுக்கறியில் செய்வது. நம்மில் பல வீடுகளில் அது அடுப்பேறாது. மார்க்கெட்டில் இரண்டு வழி இருக்கிறது. ஆட்டிறைச்சிக் கடையில் தொடைக்கறி வாங்கி மெஷினில் இரண்டு தடவை விடச் சொல்லுங்கள். ஒரு தடவை விட்டது பெர்கருக்குச் சரி, இதற்குப் பருமன். சுவைக்கு ஆடுதான் முதலிடம், ஆனால் அதன் கொழுப்பு ஆறினால் மேலண்ணத்தில் மெழுகுபோல் ஒட்டும். வெள்ளைக் கொழுப்பை வெட்டி எடுத்துவிட்டு அரைக்கச் சொன்னால் அந்தத் தொல்லை பாதி குறையும். கோழி என்றால் எலும்பு நீக்கிய தொடை மட்டும்; நெஞ்சுக்கறி வெந்ததும் மரத்தூள். வீட்டில் அரைப்பவர்கள் துண்டுகளை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, பிளெண்டரை ஒரு வினாடி ஓட்டி நிறுத்தி, ஒரு வினாடி ஓட்டி நிறுத்தி, ஐந்தாறு தடவையோடு முடித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து ஓட்டினால் கறி பசையாகிவிடும். பசை கொதிநீரில் மீன் உருண்டைபோல் இறுகும். முன்கூட்டியே உப்புப் போட்டாலும் இதே கதி. உப்பு கறியின் புரதத்தை வெளியே இழுத்து ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். சொசேஜ் செய்ய அது வேண்டும், இதற்கு வேண்டாம்.

பொடிப்பொடியாக வருவதற்கு வழி, நம் வழக்கத்துக்கு நேர் எதிர். எண்ணெயில் வதக்கக் கூடாது. 500 கிராம் கொத்துக்கறியைச் சட்டியில் போட்டு, குளிர்ந்த நீர் 500 மில்லி ஊற்றி, அடுப்பைப் பற்றவைக்காமலே கையால் பிசையுங்கள். நூல்நூலாக, கட்டி கட்டியாக இருப்பதெல்லாம் கரைந்து, இளஞ்சிவப்பு நிறத்தில் ராகிக் கூழ்போல் ஆக வேண்டும். விரலை உள்ளே விட்டு அடியைத் தடவிப் பார்த்தால் ஒரு கட்டிகூடத் தட்டுப்படக் கூடாது. பிறகுதான் நடுத்தரத் தீ. கொதி வரும்வரை கரண்டியை எடுக்காதீர்கள். துகள்கள் தனித்தனியாக இருக்கும்போதே சூடு ஏறுவதால் தனித்தனியாகவே வேகும். சூடான சட்டியில் நேராகப் போட்ட கறி உடனே இறுகிக்கொள்ளும். அதன் பிறகு எவ்வளவு குத்தினாலும் மணிமணியாக உடையுமே தவிர மாவாகாது. சாம்பல் நிற நுரை எழும்பும், கலக்கினால் அடங்கிவிடும்.

கறி வெந்துகொண்டிருக்கும்போது வேறு சட்டியில் எண்ணெய் 2 மேசைக்கரண்டி. துருவிய பெரிய வெங்காயம் ஒன்று, நசுக்கிய பூண்டு 4 பல், சிறு தீயில் ஆறேழு நிமிடம். பொன்னிறம் வேண்டாம், ஈரம் போனால் போதும். அடுப்பை அணைத்துவிட்டு மிளகாய்த்தூள் இரண்டையும் போட்டு இருபது வினாடி புரட்டி, உடனே கறிச் சட்டியில் கொட்டுங்கள். தீயின் மேல் வைத்தே புரட்டினால் தூள் கருகும். அந்தக் கசப்பைச் சர்க்கரை மறைக்காது. கூடவே சீரகப்பொடி, பட்டைத்தூள் கால் தேக்கரண்டி, கிராம்புத்தூள் ஒரு சிட்டிகை, இனிப்பில்லாத கோக்கோ 1 தேக்கரண்டி, உப்பு 1 தேக்கரண்டி. சொசேஜிலேயே உப்பு இருக்கிறது, மறந்துவிடாதீர்கள். கோக்கோவைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். சாக்லேட் சுவை தெரியாது, நிறம் ஆழமாகும், காரத்துக்கு அடியில் ஒரு கனம் வரும்.

தக்காளிக்கு டின்னில் வரும் பியூரி 4 மேசைக்கரண்டி. கெட்டிப் பேஸ்ட் கிடைத்தால் அதில் பாதி. தக்காளி சோஸ் பாட்டில் பக்கம் போகாதீர்கள்: அதில் சர்க்கரையும் புளிப்பும் முன்னதாகவே ஏற்றியிருப்பார்கள், சுண்டச் சுண்ட ஜாம். மிஞ்சிய பியூரியைத் திறந்த டின்னிலேயே விடாமல் ஐஸ் தட்டில் கரண்டி கரண்டியாக உறையவைத்தால் அடுத்த தடவைக்கு ஆகும். டின் பேக்ட் பீன்ஸையும் சிலர் சேர்க்கிறார்கள். அது தனியாக ரொட்டிக்கு நல்லது. இங்கே இனிப்பைக் கூட்டும், பன்னிலிருந்து உருண்டு சட்டையில் விழும்.

மூடாமல் சிறு தீயில் 40 நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அடியைச் சுரண்டிக் கலக்குங்கள். அரை மணி கழிந்ததும் கெட்டிக்கு கிரீம் கிரேக்கர். டிட்ராய்ட் பக்கத்திலும் பிஸ்கட் தூள் போடுகிற வழக்கம் உண்டு. நமக்கு, பத்து பகாட் ஊரிலிருந்து வரும் ஹப் செங் கிரீம் கிரேக்கர் எந்த மளிகைக்கடையிலும் கிடைக்கிறது, இந்த வேலைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கிறது: இனிப்பில்லை, சீக்கிரம் கரைகிறது, மாவு வாசம் வருவதில்லை. 4 பிஸ்கட்டை நன்றாகத் தூளாக்கித் தூவுங்கள். சோளமாவு கரைத்து ஊற்றினால் பளபளவென்று சீனக்கடைக் குழம்பாகிவிடும். இறக்கும்போது வினிகர் 1 தேக்கரண்டி.

பதம் பார்க்க அகப்பையால் சட்டியின் நடுவே ஒரு கோடு இழுங்கள். அடி தெரிந்து மூன்று வினாடி மூடாமல் நின்றால் சரி. உடனே மூடிக்கொண்டால் இன்னும் ஐந்து நிமிடம். ஓரத்தில் செந்நிறத் தண்ணீர் தனியாகக் கசிந்தால் அது பன்னை நனைத்துக் கிழித்துவிடும். இந்த அளவில் பன்னிரண்டிலிருந்து பதினைந்து ஹாட் டாக்குக்கு வரும். செய்த அன்றே சாப்பிடலாம், ஆனால் ஓர் இரவு ஃப்ரிட்ஜில் இருந்தால் இன்னும் நன்று. மேலே உறைந்த கொழுப்பை வழித்தெடுக்கவும் அது வசதி.

சொசேஜ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இங்கே ஃப்ரீசரில் கிடைப்பது பெரும்பாலும் கோழிதான். பாக்கெட்டின் பின்னால் பாருங்கள்: முதல் பெயர் கோழிக்கறியாக இருக்க வேண்டும், மாவுச்சத்து முன்வரிசைக்கு வந்திருந்தால் வெந்நீரில் ஊதிப் பஞ்சாகும். எண்ணெயில் பொரிக்காமல் தட்டையான சட்டியில் உருட்டி உருட்டிச் சுடுங்கள். கத்தியால் ஆழமாகக் கீற வேண்டாம்.

பன் விஷயத்தில் டவுன் பேக்கரியின் நீள ரொட்டிக்கு என் ஓட்டு. பாக்கெட் பன் மென்மையானது, ஆனால் இனிப்பு கூடுதல், ஈரச் சில்லியைத் தாங்கும் பலமும் குறைவு. எதுவானாலும் உள்பக்கத்தில் மார்ஜரின் தடவிச் சட்டியில் பொன்னிறமாக வாட்டினால் ஈரம் உடனே இறங்காது. சீஸ் துண்டு வைப்பவர்கள் சில்லிக்கு மேலே வைக்காமல் சொசேஜுக்கும் சில்லிக்கும் நடுவே வையுங்கள். சூட்டில் உருகி அதுவே ஒரு தடுப்பாகிவிடும். மேலே மஞ்சள் கடுகு சோஸ் ஒரு கோடு, பொடியாக நறுக்கி உப்புநீரில் பத்து நிமிடம் போட்டுப் பிழிந்த வெங்காயம். மயோனிஸ் வேண்டவே வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே சுவையாக்கிவிடும்.

பசார் மாலாமிலோ தமிழ்ப்பள்ளிக் கேன்டீன் நாளிலோ விற்க நினைப்பவர்களுக்கு: ஹலால் சான்று எடுக்கும் எண்ணம் இருந்தால் பலகையில் "ரோத்தி சொசேஜ்" என்றே எழுதுங்கள். 2016இல் ஹலால் சான்று கொடுக்கும் அரசுத் துறையான ஜாக்கிம் 'டாக்' என்ற சொல் உள்ள பெயருக்கு ஆட்சேபம் தெரிவித்தது செய்தியாகவே வந்தது. சில்லியை ரைஸ் குக்கரில் சூடு காக்கும் பொத்தானில் வைக்கலாம். ஆனால் குளிர்ந்த சில்லியை அதிலேயே போட்டுச் சூடாக்கக் கூடாது. அடுப்பில் நன்றாகக் கொதிக்கவிட்டு மாற்றுங்கள், 60 டிகிரிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை வெந்நீர் இரண்டு கரண்டி விட்டுக் கலக்காவிட்டால் அடியில் கிரேக்கர் பிடிக்கும். மிஞ்சியதை நம் வெயிலில் வெளியே விடாமல், அகலத் தட்டில் பரப்பிச் சூட்டைத் தணித்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் வரும்.

சைவ நாளுக்குத் தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) தேறுகிறது, சோயா கொத்து சுமார்தான். 300 கிராம் தெம்பேயைப் பத்து நிமிடம் ஆவியில் வைத்துக் கசப்பை எடுத்துவிட்டு, ஆறியதும் கையால் உதிருங்கள். இதற்குக் குளிர்ந்த நீர் வித்தை தேவையில்லை. வெங்காயச் சட்டியிலேயே போட்டு, தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, இருபது நிமிடத்தில் இறக்கலாம். கிரேக்கரும் இரண்டு போதும்.