எம்எல்பி விற்றவர்கள் கவனிக்க: என் 9,000 டாலர் நஷ்டம் கணக்கிலேயே வராமல் போனது

அமெரிக்காவில் பைப்லைன், எரிவாயு எம்எல்பி (பங்கு போலச் சந்தையில் வர்த்தகமாகும் கூட்டாண்மை) யூனிட்கள் வைத்திருப்பவர்கள், முக்கியமாக இடையில் டாக்ஸ் போடுபவரை மாற்றியவர்கள், இதைப் படித்துவிட்டு விற்பனை ஆண்டின் ரிட்டர்னை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

2016-ல் ஒரு பைப்லைன் கூட்டாண்மையில் 1,000 யூனிட்டை 30 டாலர் வீதம் வாங்கினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம் வரும், மார்ச் வாக்கில் கே-1 (கூட்டாண்மையின் லாப நஷ்டத்தில் என் பங்கைக் காட்டும் வரிப் படிவம்) வரும். அதில் பெரும்பாலும் நஷ்டம்தான் இருக்கும். சந்தையில் வர்த்தகமாகும் கூட்டாண்மையின் பாசிவ் நஷ்டத்தை, அதாவது நாம் நேரில் நடத்தாத தொழிலில் வரும் நஷ்டத்தை, சம்பளத்தில் கழிக்க முடியாது, இன்னொரு எம்எல்பியின் லாபத்திலும் கழிக்க முடியாது. அதே கூட்டாண்மையின் வருமானத்தில் மட்டும்தான் கழியும். மீதி அடுத்த ஆண்டுக்குப் போகும். கையிலிருப்பது முழுவதையும் விற்றால்தான் சேர்ந்த நஷ்டம் எல்லாம் விடுபடும். அப்போது மற்ற வருமானத்திலும் கழித்துக்கொள்ளலாம்.

2022-ல் மொத்தத்தையும் 22,000 டாலருக்கு விற்றேன். அதுவரை கணக்குப் பார்த்தவர் ஓய்வு பெற்றுவிட்டதால் புதியவரிடம் போனேன். கே-1 இருக்கிறது என்று கூடுதலாக 150 டாலர் வாங்கினார். ரிட்டர்னில் 11,000 சாதாரண வருமானம், 4,000 கேப்பிடல் கெயின் என்று இருந்தது. "30,000-க்கு வாங்கி 22,000-க்கு விற்றிருக்கிறேன், 15,000 லாபம் எப்படி வரும்?" என்று கேட்டேன். "எம்எல்பின்னா அப்படித்தான் சார், சாஃப்ட்வேர் எல்லாத்தையும் எடுத்துக்கும்" என்றார். நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த 15,000 சரியான எண்தான். அதனால்தான் தவறு கண்ணில் படவில்லை. ஆறு ஆண்டுகளில் எனக்கு வந்த 14,000 டாலரும், கே-1 காட்டிய 9,000 நஷ்டமும் வாங்கிய விலையிலிருந்து கழிந்து, அடக்கவிலை 7,000 ஆகிவிட்டது. ப்ரோக்கர் அனுப்பும் விற்பனை விவரத் தாளான 1099-பி-யில் இந்தத் திருத்தம் எதுவும் இருக்காது. கே-1 உடன் வரும் விற்பனை அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். 11,000 என்பது பெரும்பாலும் முன்பு தேய்மானமாகக் கழித்தது இப்போது வருமானமாகத் திரும்பி வருவது. அது தொழில் சொத்து விற்பனைக்கான ஃபார்ம் 4797-க்குப் போகும்.

ஆனால் அடக்கவிலையைக் குறைத்த அதே 9,000-ஐ, கூட்டாண்மை வருமானம் காட்டும் ஷெட்யூல் இ-யில் நஷ்டமாகக் கழித்திருக்க வேண்டும். அவர் கழிக்கவே இல்லை. கழித்தால் நிகர லாபம் 6,000. கையில் வந்தது 22,000-மும் 14,000-மும், போட்டது 30,000. இந்தக் கூட்டல் கழித்தலை அவர் ஒரு நிமிடம் செய்து பார்த்திருந்தால் போதும். 24 சதவீத வரி கட்டும் எனக்கு ஏறக்குறைய 2,000 டாலர் கூடுதலாகப் போனது.

அந்த நஷ்டம் எப்படித் தொலைந்தது என்பது பிறகுதான் புரிந்தது. மற்ற பாசிவ் நஷ்டங்கள் ஃபார்ம் 8582-ல் வரும். இந்த வகைக் கூட்டாண்மையின் நஷ்டம் அதில் வராது. அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்குப் போகும் எந்தத் தாளிலும் சேர்ந்த தொகை தெரியாது. கணக்குப் போடுபவரின் ஒர்க்‌ஷீட்டில் மட்டும்தான் இருக்கும். போன ஆண்டு ரிட்டர்னின் நகலை மட்டும் புதியவரிடம் கொடுத்தேன், ஒர்க்‌ஷீட் போகவில்லை. கே-1-ல் நஷ்டம் வந்திருக்கிறதே, பழைய பாக்கி எங்கே என்று கேட்க வேண்டியது அவர் வேலை. அதற்குத்தானே கூடுதல் பணம் வாங்கினார்?

2024-ல் வேறொருவர் பார்த்துச் சொன்னார். 2016 முதலான கே-1 எல்லாவற்றையும் தேடியெடுத்து, ஆண்டுவாரியாக நஷ்டத்தைக் கூட்டி, திருத்திய ரிட்டர்னான 1040-எக்ஸ் அனுப்பினோம். பொதுவாக ரிட்டர்ன் போட்டதிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. பணம் சில மாதம் கழித்து வந்தது. திருத்தத்துக்கு ஆன 400 டாலரை முன்பு போட்டவர் தர மறுத்துவிட்டார்.

விற்ற ஆண்டின் கே-1 மேலே 'ஃபைனல்' என்று குறித்திருக்கிறதா, சாஃப்ட்வேரில் முழுவதும் விற்றதாகக் குறித்தார்களா என்று கேளுங்கள். பாதி விற்றிருந்தால் இப்படி எல்லா நஷ்டமும் விடுபடாது. இன்னும் விற்காதவர்கள், இந்த ஆண்டு ரிட்டர்ன் போட்டதும் எம்எல்பி கேரிஓவர் (அடுத்த ஆண்டுக்குப் போகும் நஷ்டத்தின்) ஒர்க்‌ஷீட்டைக் கேட்டு வாங்கி, கே-1 நகலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.